கொல்லர் மகன் போட்ட கணக்கு
(மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை)
இரண்டாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை



போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் சித்தப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டுபவர். அவரோடு லோடு அடிக்கும் இன்னொருவர் தன் வண்டியில் ஹைட்ரஜன் கிட் ஒன்று மாட்டியிருக்கிறாராம். ஒரு டப்பாவில் தண்ணீர், அதில் கொஞ்சம் காஸ்டிக் உப்பு, உள்ளே ஸ்டீல் தகடுகள், பேட்டரியிலிருந்து இரண்டு வயர். கரண்ட் போனால் தண்ணீர் பிரிந்து குமிழ் குமிழாக காஸ் வரும். அதை ஒரு டியூப் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் விட்டால் டீசல் குறையும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 5 கொடுக்கிறதாம்! பட்டறையில் செய்து மாட்டித் தர 30,000 ரூபாய். வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். நீதான் எலக்ட்ரிக்கல் படிக்கிறவன், மாட்டலாமா வேண்டாமா சொல்லு என்றார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கம். தெரியும் என்று சொல்லப் பயம். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன். லீவு முடிந்ததும் நேராக நம் லைப்ரரிக்குப் போனேன். அங்கே எனக்குப் பதில் சொன்னவர், இரண்டு மார்க் கேள்விக்காக நாம் மனப்பாடம் செய்கிற மைக்கேல் ஃபாரடே. அவருடைய விதியைத் தேடிப் போன நான் அவருடைய வாழ்க்கையையும் படித்து முடித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பட்டறை வீட்டுப் பிள்ளை

ஃபாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர். இரும்பு அடிப்பதுதான் தொழில், ஆனால் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போய்விடும். வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. 1801-ல் விலைவாசி ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தார்களாம். ஒரு வாரம் முழுக்க ஒரு ரொட்டி! மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லும் நாம் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிப் படிப்பு என்று பார்த்தால் எழுத, படிக்க, கூட்டல் கழித்தல் போட. அவ்வளவுதான். 1804-ல், 13 வயதில், ரிபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பையன் ஒழுங்காக வேலை பார்ப்பதைக் கண்ட முதலாளி, அடுத்த ஆண்டே வழக்கமான கட்டணம் எதுவும் வாங்காமல் பைண்டிங் தொழிலுக்கு அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார். ஏழு வருட அப்ரண்டிஸ்.

பகலில் தைத்து ஒட்டுகிற புத்தகங்களையே வேலை முடிந்ததும் படித்தார். என்சைக்ளோபீடியா ஒன்று பைண்டிங்குக்கு வந்தபோது அதில் மின்சாரம் பற்றிய பகுதியை விடாமல் படித்தார். ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகம் அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. படித்ததை நம்புவதற்கு முன் தானே செய்து பார்ப்பது அவர் வழக்கம். கையில் மிஞ்சிய சில்லறைக்குச் சாமான் வாங்கி, சின்னச் சின்னச் சோதனைகளைச் செய்து பார்த்தார். இந்த ஒரு பழக்கம்தான் கடைசிவரை அவரை நடத்தியது.

1810-ல் அப்பா இறந்துபோனார். அதே ஆண்டில் லண்டனில் ஒருவர் வீட்டில் அறிவியல் சொற்பொழிவுகள் நடந்தன. கட்டணம் ஒரு ஷில்லிங். அண்ணன் ராபர்ட்டும் கொல்லர்தான். தம்பி கேட்க வேண்டும் என்று அவர் தன் உழைப்பிலிருந்து அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேருக்கு அண்ணனோ அக்காவோ தான் படிக்காமல் பீஸ் கட்டியிருப்பார்கள்! அவர்களுக்கு இந்த ஒரு ஷில்லிங்கின் கனம் தெரியும்.

வாசல் திறந்தது

1812-ல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ஃப்ரி டேவி பேசும் நான்கு கூட்டங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்று புகழின் உச்சியில் இருந்த விஞ்ஞானி. மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதன்முதலில் பிரித்தெடுத்தவர். ஃபாரடே மாடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து அழகாகப் படம் போட்டு எழுதி, தன் கையாலேயே பைண்டிங் செய்து, அந்தப் புத்தகத்தை டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். சிபாரிசுக்கு அவருக்கு வேறு ஆள் யார்? தெரிந்த தொழில் பைண்டிங். அதுவே அவருக்குச் சிபாரிசு ஆயிற்று.

1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் லேப் அசிஸ்டெண்ட் வேலை கிடைத்தது. குப்பி கழுவுவது, அடுப்பு மூட்டுவது, டேவி பேசும்போது பின்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பது. மாடியில் இரண்டு அறை, எரிக்க நிலக்கரி, மெழுகுவத்தி. அந்தக் கட்டடத்தில்தான் அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் டேவி தம்பதியோடு ஐரோப்பா பயணம். ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்த்தார். பார்க்கக் கொடுத்து வைத்தவர்தான்! ஆனால் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். வேலைக்காரர்களோடுதான் சாப்பிட வேண்டும். மனம் நொந்து ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது என்று பொறுத்துக்கொண்டு, 1815-ல்தான் திரும்பினார்.

பின்னால் 1824-ல் ராயல் சொசைட்டியில் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் தலைவராக இருந்த டேவியே அதை விரும்பவில்லை. ஓட்டெடுப்பில் ஒரே ஒரு எதிர் ஓட்டு விழுந்தது. அப்படியிருந்தும் ஃபாரடே டேவியைப் பற்றிக் கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினார்.

ஆல்டர்நேட்டரின் தாத்தா

1821-ல் மின்சாரம் ஓடும் கம்பி ஒன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார் ஃபாரடே. இன்று ஓடும் மோட்டார்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது. அதே ஆண்டுதான் சாரா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்.

பிறகு பத்து வருடம் ஒரு கேள்வி அவரை விடவில்லை. மின்சாரத்திலிருந்து காந்தம் வருகிறது, காந்தத்திலிருந்து மின்சாரம் வராதா? 1831 ஆகஸ்ட் 29. ஒரு இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு பக்கத்தைப் பேட்டரியோடு சேர்த்த அந்தக் கணத்தில் மறுபக்கத்து முள் துடித்தது. எடுத்தபோது திரும்பவும் துடித்தது. சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது அசையவில்லை. மாறுகிறபோதுதான் மின்சாரம் பிறக்கிறது! அக்டோபரில் காந்த முனைகளுக்கு நடுவே ஒரு செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியாக மின்சாரம் எடுத்தார். நம் டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், லாரியில் ஃபேன் பெல்ட்டோடு சுற்றும் ஆல்டர்நேட்டர் எல்லாம் அந்த இரண்டு மாத வேலையின் வாரிசுகள் என்றால் மிகையாகாது.

இவ்வளவும் செய்தவருக்குக் கணக்குப் பாடம் வராது என்பது பலருக்குத் தெரியாது. அல்ஜீப்ரா, கால்குலஸ் எதுவும் படித்ததில்லை. மனதில் கோடுகளாகப் படம் போட்டுப் பார்ப்பார், அளப்பார், நோட்டில் எழுதுவார். எண் போட்டு எழுதிய அவருடைய ஆய்வுக் குறிப்புகள் 16,000-ஐத் தாண்டின. பிற்பாடு மேக்ஸ்வெல் வந்து அந்தக் கோடுகளைச் சமன்பாடுகளாக்கினார். கணக்கில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். கணக்கு வராதவர் அளவில் எவ்வளவு கறாராக இருந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் பிரித்த கதை

இனி நம் டப்பா விஷயத்துக்கு வருவோம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்பது ஃபாரடே கண்டுபிடித்தது இல்லை. 1800-லேயே லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அதைச் செய்துவிட்டார்கள். ஆனால் எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு காஸ் என்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

1833-ல் ஃபாரடே அதைப் பிடித்தார். அமிலம் கலந்த தண்ணீரில் மின்சாரம் செலுத்தி, வரும் காஸை அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பிடித்தார். பெரிய தகடு போட்டார், சின்னத் தகடு போட்டார். அமிலத்தைக் கூட்டினார், குறைத்தார். பல கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்சாரத்தில் வைத்தார். எதை மாற்றினாலும், ஓடிய மின்சாரத்தின் மொத்த அளவு ஒன்றாக இருந்தால் வந்த காஸும் ஒன்றாகவே இருந்தது. இதுதான் முதல் விதி. அதே மின்சாரத்தை உருகிய வெள்ளீய உப்பிலும் மற்றப் பொருள்களிலும் செலுத்தி, ஒவ்வொன்றும் அதன் சமான எடைக்கு ஏற்பத்தான் பிரியும் என்று கண்டார். அது இரண்டாம் விதி. அயனி, ஆனோடு, கேத்தோடு என்று நாம் எழுதும் பெயர்கள் அப்போது அவர், வில்லியம் ஹியூவெல் போன்ற அறிஞர்களிடம் கேட்டு வைத்தவைதான்.

இந்தக் காஸ் குழாயையே மின்சாரத்தை அளக்கும் கருவியாக அவர் ஆக்கிவிட்டார் என்பதுதான் விசேஷம். இவ்வளவு காஸ் வந்தால் இவ்வளவு மின்சாரம் ஓடியிருக்கிறது. கூடவும் வராது, குறையவும் வராது. அப்படியானால் சித்தப்பா சொன்ன டப்பா என்ன? ஃபாரடே மேஜைமேல் இருந்த அதே கருவிதான். அதன் கணக்கு முடிந்து 190 ஆண்டுக்கு மேல் ஆகிறது!

நானும் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டேன். நீங்களும் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

24 வோல்ட் வண்டியில் 20 ஆம்பியர் எடுப்பதாக வைப்போம். ஒரு மணி நேரத்துக்கு 20 × 3,600 = 72,000 கூலும். ஒரு கிராம் ஹைட்ரஜன் வர ஏறக்குறைய 96,000 கூலும் வேண்டும். ஆக ஒரு கலத்தில் முக்கால் கிராம். கலத்துக்கு 2 வோல்ட் வீதம் 12 கலங்களைத் தொடராக வைத்தால் 9 கிராம். இது பார்வைக்குச் சுமார் 110 லிட்டர் ஹைட்ரஜன்! குமிழைப் பார்த்து ஆட்கள் மயங்குவது இங்கேதான். இடத்தை அடைக்கிறதே தவிர எடை 9 கிராம்தான். ஒரு கிராம் ஹைட்ரஜன் தரும் வெப்பம் 120 கிலோ ஜூல். 9 கிராமுக்கு 1,080. ஒரு லிட்டர் டீசல் தருவது சுமார் 36,000. அப்படியானால் ஒரு மணி நேரம் குமிழ் விட்டுக் கிடைப்பது 30 மில்லி டீசலுக்குச் சமம்.

செலவு? 24 × 20 = 480 வாட். ஒரு மணிக்கு 1,728 கிலோ ஜூல். இந்த மின்சாரம் சும்மா வரவில்லை. ஆல்டர்நேட்டரை இன்ஜின் சுற்ற வேண்டும், இன்ஜினுக்கு டீசல் வேண்டும். ஆல்டர்நேட்டரின் திறன் நூற்றுக்கு 60, இன்ஜினின் திறன் நூற்றுக்கு 36 என்று நல்லபடியாகவே வைத்தாலும் 8,000 கிலோ ஜூல் டீசல் எரிய வேண்டும். அதாவது சுமார் 220 மில்லி. 220 கொடுத்து 30 வாங்குகிற வியாபாரம்!

காஸ் எரிபொருளாக இல்லை, டீசலை முழுசாக எரிய வைக்கத்தான் என்று சிலர் சொல்லலாம். நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினில் எரியாமல் போவது நூற்றுக்கு இரண்டு பங்குக்குள்தான். மீதி நஷ்டமெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போகிறது. அந்த இரண்டு பங்கை முழுசாக மிச்சம் பிடித்தால்கூட 4 கிலோமீட்டர் 5 ஆகாது. தவிர, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து வருவதால் ஒரு தீப்பொறி பட்டால் டப்பாவே வெடிக்கும் ஆபத்து வேறு.

மேஜை நகர்ந்த கதை

அப்படியானால் அந்த லாரிக்காரர் பொய் சொல்கிறாரா? எனக்கும் இது உறுத்தியது. இதற்கும் ஃபாரடே வாழ்க்கையிலேயே பதில் இருந்தது.

1853-ல் இங்கிலாந்து முழுக்க ஒரு மோகம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மேலே கை வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேஜை தானாக நகரும். ஆவி என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர். மின்சாரம் என்று சொன்னதால் எல்லோரும் ஃபாரடேயைக் கேட்டார்கள். அவர் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று திட்டவில்லை. நேர்மையானவர்கள் என்று தெரிந்தவர்களையே உட்கார வைத்தார். கைக்கும் மேஜைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, இடையில் மெதுவான பசை உருண்டைகளை வைத்தார். மேஜை கையை இழுத்ததா, கை மேஜையைத் தள்ளியதா என்று அட்டைகள் சரிந்த விதமே காட்டிவிடும். பார்த்தால் கைதான் முதலில் தள்ளியிருக்கிறது! தள்ளியவர்களுக்கே அது தெரியவில்லை. பிறகு கை அசைந்தால் காட்டும் முள் ஒன்றை அவர்கள் கண்ணுக்கு முன்னால் வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேஜை நகரவே இல்லை.

படித்ததும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. 30,000 கொடுத்து கிட் மாட்டியவர் அன்றிலிருந்து ஆக்சிலேட்டரைப் பார்த்துத்தான் மிதிப்பார். டயரில் காற்று பார்ப்பார், ஏர் ஃபில்டரைத் தட்டுவார். மைலேஜ் கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூட்டியது அவர் கால். பேர் வாங்கியது டப்பா. அவர் பொய் சொல்லவில்லை, மேஜையைத் தள்ளியவர்களும் பொய் சொல்லவில்லை. நாம் ஆசைப்படுவது நடக்கும்போது நம்மையே நாம் அளந்துகொள்ளத் தவறிவிடுகிறோம். ஃபாரடே தன்னையும் விட்டுவைக்கவில்லை. பூமியின் ஈர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று ஆசைப்பட்டு அவர் செய்த சோதனைகள் பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்பதையே 1851-ல் அச்சிட்டு வெளியிட்டார்.

அதற்காக ஹைட்ரஜனே வீண் என்று எண்ணிவிடக் கூடாது. 2020 முதல் சுவிட்சர்லாந்தில் ஹைட்ரஜன் லாரிகள் ரோட்டில் ஓடின. 2023-ல் நம் நாட்டிலும் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அங்கே தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் வெளியே தயாராகி வருகிறது. ஓடுகிற வண்டியின் டீசலிலேயே மின்சாரம் எடுத்து, அந்த வண்டிக்கே டீசல் மிச்சம் பிடிப்பதுதான் நடக்காது. இரண்டுக்கும் விதி ஒன்றே.

எளிமையாக முடிந்த வாழ்க்கை

வயதாக ஆக ஃபாரடேக்கு ஞாபகமறதி வந்து வாட்டியது. சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவி தேடி வந்தபோது அதையும் வேண்டாம் என்றார். ஆனால் 1825-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிய சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை மட்டும் விடவில்லை. அவற்றில் பல வருடம் அவரே பேசினார். ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதையும் குழந்தைகளுக்குச் சொன்னவர் அவர். 1867 ஆகஸ்ட் 25-ல் ஹாம்ப்டன் கோர்ட்டில் தம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஹைகேட் கல்லறையில் பேரும் தேதியும் மட்டும் உள்ள ஒரு சாதாரணக் கல். ஒரு ரொட்டியில் ஒரு வாரம் ஓட்டிய அந்தப் பையனின் படம் 1991 முதல் 2001 வரை இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் இருந்தது!

அடுத்த முறை ஊருக்குப் போனபோது சித்தப்பா முன்னால் நோட்டை விரித்தேன். கூலும், கிலோ ஜூல் என்றதும் அவர் முகம் சுருங்கியது. 220 கொடுத்து 30 வாங்குவது என்றதும் சிரித்தார். மேஜை கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆமாடா, கால்தான் என்றார். ஓட்டுகிறவருக்குத் தெரியாதா! கிட் மாட்டவில்லை, வட்டிக்கும் வாங்கவில்லை. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, டேங்க் ஃபுல் முதல் டேங்க் ஃபுல் வரை எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், என்ன லோடு என்று எழுதி வருகிறார்.

நண்பர்களே! நம்மில் பல பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நம்மிடம் ஊரில் யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். நாம் சொல்வதை நம்பி அவர்கள் கடன் வாங்குவார்கள், பணம் போடுவார்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாமல், ஒரு நாள் தள்ளிப் போட்டாவது அளந்து பார்த்துச் சொல்வோம். கொல்லர் மகன் ஃபாரடே நமக்குக் கற்றுத் தருவது அதைத்தான்.